70-ஐத் தாண்டினால் பிக்கப் ஸ்டியரிங் கையைப் பிடுங்குகிறது, பேலன்சிங் ரெண்டு தடவை பார்த்தாச்சு. உதவி வேணுமுங்க

ஆனைமலை இளநீர்:

வணக்கமுங்க. என்னுடையது பிக்கப், 2016 மாடல், 1,85,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. பின்னால் மாதிரியே முன்னாலும் பட்டைதான் (லீஃப் ஸ்பிரிங்), ரெண்டு சக்கரத்துக்கும் ஒரே ஆக்சில் கட்டை. ஆனைமலையில் இளநீர் ஏற்றி, பல்லடம், அவினாசி போய் பைபாஸ் பிடித்து பெருந்துறை, பவானி, சேலம் வரைக்கும் இறக்குவேன். வாரம் நாலு நடை.

மூணு வாரமாக ஸ்டியரிங்கில் உதறல். 65 வரைக்கும் ஒன்றும் தெரியாது, 70 வந்தால் லேசாகக் கை கூசும், அவ்வளவுதான் என்று ஓட்டிக்கொண்டிருந்தேன். போன செவ்வாய் ராத்திரி விஜயமங்கலம் டோல் தாண்டி 72-ல் போகும்போது பாலத்து ஜாயின்ட்டில் முன் சக்கரம் டமால் என்று விழுந்தது. அடுத்த நொடி ஸ்டியரிங் இடமும் வலமுமாக வெட்ட ஆரம்பித்தது பாருங்கள், நான் பிடித்திருக்கிறேனா அது என்னைப் பிடித்திருக்கிறதா என்றே தெரியவில்லை. டேஷ்போர்டில் ஒட்டியிருந்த மாசாணியம்மன் படம் கீழே விழுந்துவிட்டது, கூட வந்த பையன் கதவைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். பயத்தில் பிரேக்கை மிதித்தேன், இன்னும் மோசமானது. முப்பதுக்கு வந்ததும் தானாக நின்றது. அப்புறம் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடுகிறது! கட்டை விரல் வீங்கி இன்றைக்கும் வலி.

இதுவரைக்கும் பேலன்சிங் ரெண்டு தடவை, அலைன்மென்ட் ஒரு தடவை பார்த்தாச்சு, முன் டயர் ரெண்டும் புதுசு (215/75 ஆர் 15). இப்போது ஸ்டியரிங் டாம்பர், அதாவது ஸ்டியரிங் அதிர்வை அமுக்குகிற ஷாக் அப்சார்பர், மாற்றினால் நின்றுவிடும் என்கிறார்கள். மாற்றலாமா? வெயில் காலம், வண்டியை நிறுத்தி வைக்க முடியாதுங்க.


கோபி வாழைக்காய்:

அண்ணா, ரிம்முக்கு உள்பக்கம் கையை விட்டுப் பாருங்கள். வாழைத் தோட்டத்துக்குள் இறக்கி ஏற்றுவதில் எனக்கு உள்பக்கம் களிமண் ஒரு கை அகலத்துக்குக் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. வெளியில் வண்டி பளபளவென்று இருக்கும், உள்ளே பார்த்தால் அடை மாதிரி. சுரண்டிக் கழுவினதும் உதறல் போய்விட்டது. பேலன்சிங்குக்கு ரிம்மில் ஒட்டிய ஈயக்கட்டி விழுந்திருந்தாலும் இதே கதைதான்.


சங்ககிரி பழைய பட்டறை:

தம்பி, வாழைக்காய்க்காரர் சொல்வது சரியான விஷயம், ஆனால் அது வேற நோய். ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஒன்று, வேகத்தைப் பொறுத்து வருகிற உதறல். உன் டயர் சுற்றளவு சுமார் 2.2 மீட்டர். 72-ல் வண்டி விநாடிக்கு 20 மீட்டர் போகும், அப்படியானால் சக்கரம் விநாடிக்கு ஒன்பது சுற்று. ஒரு பக்கம் கொஞ்சம் கனம் கூடினாலும் ஒன்பது தடவை இடிக்கும். ஒரு குறிப்பிட்ட வேகத்தில் கூடும், அதைத் தாண்டினால் சில வண்டியில் குறையவும் செய்யும். பேலன்சிங், கோணலான ரிம், உள்ளே கம்பி பெல்ட் பிரிந்து புடைத்த டயர் எல்லாம் இந்த வகை. பிரேக் மிதிக்கும்போது மட்டும் உதறினால் முன் டிஸ்க்கைப் பார்க்கணும், அது தனிக்கதை.

இன்னொன்று உனக்கு ராத்திரி வந்தது. ஒரு பள்ளமோ ஜாயின்ட்டோ தூண்டிவிடும், அப்புறம் தன்பாட்டுக்கு ஆடும், வேகம் நன்றாகக் குறைகிற வரைக்கும் நிற்காது. இதை எங்கள் காலத்தில் வாப்ளிங் என்போம். மில்லில் நூல் டிராலி தள்ளியிருக்கிறாயா? மெதுவாகத் தள்ளினால் முன் சக்கரம் ஒழுங்காக வரும், கொஞ்சம் வேகமாகத் தள்ளினால் படபடவென்று துடிக்கும். அதேதான் இது. எங்கேயோ ஆட்டம் இருக்கிறது, அதனால்தான் சக்கரத்துக்குத் துடிக்க இடம் கிடைக்கிறது. பேலன்சிங் இருபது தடவை பார்த்தாலும் அந்த ஆட்டம் அங்கேயேதான் இருக்கும்.

ரெண்டு கேள்வி. மூணு வாரத்துக்கு முன்னால் முன்பக்கம் ஏதாவது கழற்றி மாட்டினீர்களா? எத்தனை காய் ஏற்றுகிறாய்?


ஆனைமலை இளநீர்:

ஆமாங்க அண்ணா. இடது முன் மெயின் பட்டை உடைந்து, புதுசு போட்டு, பட்டை முனை புஷ்ஷும், பட்டையை ஆக்சிலோடு இறுக்குகிற யூ போல்ட்டும் மாற்றினோம். அது முடிந்து ரெண்டு நடை நன்றாகத்தான் போனது, அதனால் அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கும் என்று தோன்றவில்லை. காய் ஆயிரம் போடுவேன், சீசனில் கொஞ்சம் கூட.


சங்ககிரி பழைய பட்டறை:

காய் ரெண்டு கிலோ என்று வைத்தாலும் ரெண்டு டன் ஆச்சே கண்ணு! ஆர்சியில் எவ்வளவு போட்டிருக்கிறது என்று நான் கேட்கவில்லை, நீயே பார்த்துக்கொள். பின்னால் அமுங்கினால் மூக்கு தூக்கும், முன் சக்கரம் சாய்ந்து நிற்கிற கோணம் மாறும். காஸ்டர் என்பார்கள். சைக்கிள் ஃபோர்க் நேராக நிற்காமல் சாய்ந்திருக்கிறதல்லவா, அந்தச் சாய்வுதான். பட்டை வண்டியில் அது அளவுக்கு மேலே போனால் வாப்ளிங்குக்கு வழி.

இப்போது முக்கியமான இடம். பட்டைக்கும் ஆக்சில் கட்டைக்கும் நடுவில் ஒரு தகடு இருக்கலாம், ஒரு முனை கனமாகவும் மறு முனை மெல்லியதாகவும், வெட்ஜ் என்போம். காஸ்டர் கோணத்தைக் கொடுப்பதே அதுதான். பட்டை வேலை செய்கிறவர்கள் அவசரத்தில் அதைத் திருப்பி வைத்துவிடுவார்கள், இல்லையென்றால் வைக்காமலேயே விட்டுவிடுவார்கள். ரெண்டையும் நான் பார்த்திருக்கிறேன், ஒரு தடவை என் பட்டறைப் பையனே செய்தான். வலது பக்கம் கனமான முனை எந்தப் பக்கம் பார்க்கிறதோ இடதும் அதே பக்கம் பார்க்கணும். குனிந்து பார்த்தால் கண்ணுக்கே தெரியும்.

அலைன்மென்ட் சரி என்று தாள் கொடுத்திருப்பார்கள். ஒரே ஆக்சில் கட்டை இருக்கிற வண்டியில் அங்கே பெரும்பாலும் ரெண்டு முன் சக்கரத்தையும் இணைக்கிற டை ராட் கம்பியைத் திருகி, சக்கரங்கள் உள்ளே வெளியே திரும்பி நிற்கிற டோ அளவை மட்டும்தான் சரி செய்ய முடியும், காஸ்டருக்கு இந்தத் தகடுதான். தாளில் காஸ்டர் என்று ஒரு எண் இருக்கிறதா பார்.

புது யூ போல்ட் போட்டால் லோடு ஏற்றி ரெண்டு நடை ஓடினதும் மறுபடி முறுக்கணும். முறுக்கினாயா?


ஆனைமலை இளநீர்:

இல்லீங்க. யாரும் சொல்லவில்லை.


ஊத்துக்குளி இப்போ டெக்சாஸ்:

இங்கே இதற்கு டெத் வாபிள் என்றே பேர். பெரிய பிக்கப்புகளிலும் ஜீப்பிலும் ஒரே கட்டை ஆக்சில் இருப்பவற்றில் வரும். இங்கத்திய வண்டிகளில் முன்னால் காயில் ஸ்பிரிங், அதனால் ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் இருக்க டிராக் பார் என்று ஒரு கம்பி உண்டு, அதன் புஷ் தேய்வதுதான் முதல் சந்தேகம். நம்ம ஊர் பட்டை வண்டியில் பட்டையே அந்த வேலையைச் செய்வதால், பட்டை புஷ், பட்டை முனையைச் சேசிஸோடு இணைக்கிற ஷேக்கில், யூ போல்ட் என்று அண்ணா சொல்கிற இடத்தில்தான் தேடணும். 2019-ல் ஜீப் ராங்ளருக்குக் கம்பெனியே புது ஸ்டியரிங் டாம்பர் மாற்றிக் கொடுத்தது, அதனால் டாம்பர் ஒன்றுக்கும் ஆகாது என்று சொல்ல மாட்டேன்.


சங்ககிரி பழைய பட்டறை:

புது வண்டி வேற தம்பி. 1,85,000 ஓடின வண்டியில் டாம்பர் மாற்றினால் ஆட்டம் அமுங்கிப் போகும், ஒரு மாசத்துக்கு நிம்மதியாக இருக்கும், அதற்குள் முன் சக்கரம் திரும்புகிற அச்சாணியான கிங்பின்னோ டை ராட் முனையோ இன்னும் தேய்ந்திருக்கும். எண்ணெய் ஒழுகினால் மாற்று. ஆனால் கடைசியில் மாற்று.


வெள்ளகோவில் மாமா:

எதுக்கு இவ்வளவு ஆராய்ச்சி, 60-க்கு மேல் போகாதீங்க, வேகத்தைக் கட்டுப்படுத்துகிற கவர்னர் வைத்த வண்டி எப்படியும் 80 தான். நான் ரெண்டு வருஷம் அப்படித்தான் ஓட்டினேன்.


சங்ககிரி பழைய பட்டறை:

மாமா, உங்களுக்கு ஒன்றும் ஆகாதது சந்தோஷம். இன்றைக்கு 72-ல் வருவது தேய்மானம் கூடினால் 55-லேயே வரும். டை ராட் முனை கப்பிலிருந்து கழன்றால் ஸ்டியரிங் கையில் இருக்கும், சக்கரம் அது பாட்டுக்கு ஒரு பக்கம் போகும். எதிரில் குடும்பத்தோடு ஒருத்தன் வருவான்.


காங்கேயம் கொப்பரைக் களம்:

நானும் களத்துக்குப் பிக்கப் ஓட்டுகிறவள்தான், ஒரு தடவை எனக்கும் வந்தது. தம்பி, கட்டை விரலை ஸ்டியரிங் வளையத்துக்கு உள்ளே விடாதே, மற்ற விரல்களோடு வெளியில் வைத்துப் பிடி. உள்ளே இருந்தால் கம்பி அடித்து எலும்பே போகும். எக்ஸ்ரே எடுத்தாயா?

வரும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடு, ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டாமல் நேராக இறுக்கிப் பிடித்துக்கொள், பிரேக்கை ஒரேயடியாக மிதிக்காதே, நாலு இண்டிகேட்டரும் போட்டு இடது ஓரம் ஒதுங்கு. பின்னால் பஸ் வரும் என்ற பயத்தில் எல்லோரும் பிரேக்கைத்தான் மிதிப்போம், நானும் மிதித்தேன்.


சங்ககிரி பழைய பட்டறை:

அக்கா சொன்னது நூற்றுக்கு நூறு. தம்பி, பட்டறைக்குப் போவதற்கு முன்னால் நீயே பார்க்கிற மாதிரி ரெண்டு சோதனை சொல்கிறேன்.

காலி வண்டி, சமதரை, பின் சக்கரத்துக்குக் கல். பையனை உட்கார வைத்து இஞ்சினை ஸ்டார்ட் பண்ணி, கியர் நியூட்ரல், ஹேண்ட்பிரேக் போட்டு, ஸ்டியரிங்கை இந்தப் பக்கம் ரெண்டு விரல் அந்தப் பக்கம் ரெண்டு விரல் அசைத்துக்கொண்டே இருக்கச் சொல். நீ முன்பக்கம் பார். ஸ்டியரிங் பாக்ஸ் சேசிஸில் நகர்கிறதா, பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குப் போகிற டிராக் லிங்க் கம்பி, டை ராட் முனைகள், ஷேக்கில் என்று ஒவ்வொன்றின் மேலும் கை வைத்துக்கொண்டே வா. ரெண்டு சாமான் சேருகிற இடத்தில் ஒன்று அசைந்து மற்றது தாமதமாக அசைந்தால் உன் கைக்கே தெரியும், கண்ணைவிடக் கை நன்றாகச் சொல்லும்.

அடுத்தது ஜாக்கி. ஆக்சில் கட்டைக்கு அடியில் ஸ்டாண்டு கொடுக்காமல் கையை உள்ளே விடாதே. சக்கரத்தை மேலேயும் கீழேயும் பிடித்து ஆட்டு. ஆட்டம் இருந்தால் பையனைப் பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டு. பிரேக் மிதித்ததும் ஆட்டம் காணாமல் போனால் வீல் பேரிங். அப்படியே இருந்தால் கிங்பின்.


ஆனைமலை இளநீர்:

அண்ணா, பார்த்துவிட்டேன். படம் எடுக்கத் தெரியவில்லை, வாயால் சொல்கிறேன்.

வலது சக்கரம் நன்றாக இருக்கிறது. இடது மேலே கீழே ஆட்டினால் டக்டக்கென்று சத்தம், பிரேக் மிதித்தாலும் அப்படியே. அப்புறம் வெட்ஜ். வலது பக்கம் கனமான முனை பின்பக்கம் பார்க்கிறது, இடது பக்கம் முன்பக்கம் பார்க்கிறது. நீங்கள் பக்கத்தில் நின்று பார்த்த மாதிரி சொன்னீர்கள்! இடது யூ போல்ட் நட்டில் ஸ்பேனர் போட்டால் ரெண்டும் கால் சுற்று சும்மா சுற்றுகிறது. பட்டை நடுவில் துரு தூள் சிவப்பாகக் கோடு போட்ட மாதிரி வழிந்திருக்கிறது.


சங்ககிரி பழைய பட்டறை:

அந்தச் சிவப்புக் கோடுதான். ரெண்டு இரும்பு உரசிக்கொண்டே இருந்தால்தான் அப்படி வரும். வெட்ஜ் திரும்பியிருப்பதால் பட்டை கட்டை மேல் படியவே இல்லை, படியாததால் யூ போல்ட் லூஸ். ஓட்டாதே. யூ போல்ட் புதுசே போடு, லூஸில் ஓடினதைத் திரும்ப மாட்டாதே. கிங்பின் செட் ரெண்டு பக்கமும் மாற்று, ஒரு பக்கம் மட்டும் போட்டுக் காசு மிச்சம் பண்ணாதே. கிரீஸ் நிப்பிளில் கடைசியாக எப்போது கிரீஸ் அடித்தாய்?


ஆனைமலை இளநீர்:

அதைக் கேட்காதீங்க அண்ணா.


ஆனைமலை இளநீர் (ஆறு நாள் கழித்து):

வேலை முடிந்ததுங்க. வேறு பட்டறை. வெட்ஜ் திருப்பி, யூ போல்ட் நாலும் புதுசு, கிங்பின் ரெண்டு பக்கமும், இடது டை ராட் முனை ஒன்று. அப்புறம் அலைன்மென்ட், இந்தத் தடவை காஸ்டர் எண்ணைக் கேட்டு வாங்கினேன், அந்தப் பையன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். கூலியோடு பதினோராயிரம் சொச்சம். பேலன்சிங்குக்கும் டயருக்கும் முதலில் போட்ட காசை நினைத்தால் வயிறு எரிகிறது.

நேற்று 750 காயோடு சேலம் போய் வந்தேன். அதே விஜயமங்கலம் பாலம், 70-ல், கை ரெண்டும் வேர்த்துவிட்டது. டமால் என்று விழுந்தது, ஸ்டியரிங் ஒரு தடவை அசைந்து அப்படியே நின்றுவிட்டது. பையன் அம்மன் படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

ஒரு சந்தேகம் மட்டும். 75 கிட்ட லேசான கூச்சம் இன்னும் இருக்கிறது. வெட்டு இல்லை, பழைய கூச்சம்தான்.


சங்ககிரி பழைய பட்டறை:

அது முதல் வகை. முன் சக்கரம் ரெண்டையும் பின்னால் போட்டு, பின் சக்கரத்தை முன்னால் கொண்டுவந்து ஓட்டிப் பார். கூச்சம் ஸ்டியரிங்கை விட்டுப் போய் சீட்டில் தெரிந்தால் கோளாறு அந்த ரெண்டு சக்கரத்தில்தான், ரிம்மோ டயரோ பேலன்சிங்கோ. அப்படியே ஸ்டியரிங்கிலேயே இருந்தால் திரும்ப எழுது. ரெண்டு நடை முடிந்ததும் யூ போல்ட்டை முறுக்கு, இந்தத் தடவை நான் சொல்லிவிட்டேன்.


கோபி வாழைக்காய்:

ரிம்முக்குள் கை விட்டீங்களா அண்ணா?


ஆனைமலை இளநீர்:

இல்லீங்க தம்பி, மறந்தே போனேன். நாளைக்குப் பவானி நடை இருக்கிறது, இறக்கிவிட்டு வந்து அதையும் சக்கரம் மாற்றுவதையும் பார்க்கிறேன்.


காங்கேயம் கொப்பரைக் களம்:

எக்ஸ்ரே எடுத்தாயா என்று கேட்டேனே?