கஜா சாய்த்த மரங்களில் கட்டிய கீற்றுக் கொட்டகை

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் அடித்தபோது நான் பேராவூரணிப் பக்கத்தில் எங்கள் ஊரில்தான் இருந்தேன். வீட்டு ஓடு பாதி போனது, மாட்டுக்கொட்டகை மொத்தமாகப் படுத்துவிட்டது. தோப்பில் 40 தென்னை இருந்த இடத்தில் 6 நின்றன. அப்பா ரொம்ப நாள் அந்தப் பக்கமே போகவில்லை. அதை எழுத ஆரம்பித்தால் நீளும், கொட்டகை கதையை மட்டும் சொல்கிறேன்.

தெருவில் யார் வீட்டுக் கூரையும் முழுசாக இல்லை. ஆனாலும் எங்கள் கொட்டகைதான் முதலில் என்று எல்லோரும் சேர்ந்து முடிவு செய்தார்கள். காரணம், எங்கள் பசு நிறைமாதச் சினை.

எதிர்வீட்டுப் பெரியப்பாதான் (சொந்தம் இல்லை, முறை வைத்துக் கூப்பிடுவது) முன்னால் நின்றார். "விழுந்த மரத்துலயே மட்டை கெடக்கு. காஞ்சு நொறுங்குறதுக்குள்ள வகுந்து தண்ணியில போடுங்கடா" என்றார். மட்டையை நடுநரம்போடு இரண்டாக வகுந்து, கட்டுக்கட்டாகக் குளத்தில் போட்டு, மேலே கல்லேற்றி ஒரு வாரம் ஊறவிட்டோம். எடுக்கும்போது வந்த நாற்றம் சோறு இறங்கவிடவில்லை.

முடைந்தது பெண்கள். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஓலையை ஒன்றுவிட்டு ஒன்று மடித்துச் செருகிக்கொண்டே நகர்ந்து போவார்கள். நானும் ஒன்று முடைந்தேன். பக்கத்து வீட்டு அக்கா அதைத் தூக்கி வெயிலுக்கு நேரே பிடித்து, "இது வழியா கொசு வராது தம்பி, காக்காயே வரும்" என்றார். அதற்குப் பிறகு எனக்குக் கீற்று சுமக்கும் வேலைதான்.

கால் நட, விழுந்த பூவரசு மரங்களில் கவை உள்ளதாகப் பார்த்து வெட்டினோம். மண்ணுக்குள் போகும் பகுதியைக் கறையானுக்காகத் தீயில் கருக்கினார்கள். முகட்டுக்கும் வரிச்சுக்கும் மூங்கில். கீற்று மிச்சமாகும் என்று நினைத்து, சரிவைக் கொஞ்சம் தாழ்த்தலாமே என்றேன். பெரியப்பா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "தாழ்த்துனா மழைத்தண்ணி ஓடாது, உக்காந்துட்டுத்தான் போகும்."

வேய்வது கீழே இறவாணத்திலிருந்து மேலே ஏறும். ஒவ்வொரு வரிசையும் கீழ் வரிசையின் தலையை மூட வேண்டும். இரண்டு பக்கமும் ஆள் ஏறி, நனைத்த கயிற்றால் இழுத்து இழுத்துக் கட்டினார்கள். முகட்டில் மட்டும் இரட்டைக் கீற்றை மடித்துப் போட்டு, மூங்கில் பிளாச்சு வைத்து இறுக்கினார்கள். 12 அடிக்கு 18 அடி கொட்டகைக்கு 250 கீற்றுக்கு மேல் போனது. இரண்டு நாளில் வேலை முடிந்தது. வருகிறேன் என்று சொன்ன சொந்தக்காரர் ஒருவர் மூன்றாம் நாள் வந்து, முகடு கோணல் என்று சொல்லிவிட்டுப் போனார்.

யாரும் காசு வாங்கவில்லை. மத்தியானம் சோறும் கருவாட்டுக் குழம்பும், சாயந்தரம் வரக்காப்பியும் கொடுத்தோம், அவ்வளவுதான். அப்புறம் நானும் அப்பாவும் 11 நாள் வரிசையாக ஒவ்வொரு வீட்டுக் கூரைக்கும் போனோம். அப்பா தோப்புக்குள் மறுபடி கால் வைத்ததே அந்த வீடுகளுக்கு மட்டை எடுக்கத்தான்.

கொட்டகை முடிந்த நாலாம் நாள் பசு கிடாரிக் கன்று போட்டது.

அடுத்த முறை வேய்ந்தபோது கீற்றை விலைக்கு வாங்கினோம். தென்னை ஊரில் கீற்றை விலைக்கு வாங்குவதை அம்மா கடைசிவரை ஏற்கவில்லை.

⁕

உங்கள் கொட்டகைக் கதையைப் படித்தேன். எங்களுக்கு இராமநாதபுரம் பக்கம். அங்கே பனையோலைதான். முடையும் வேலை இல்லை. பச்சை ஓலையை விரித்து மிதித்துத் தட்டையாக்கி, அடுக்கி மேலே கல் வைத்துக் காயவிடுவோம். கட்டுவதற்கும் பனை நார்தான். தென்னங்கீற்றைவிடக் கூடுதல் வருஷம் தாங்கும். ஆனால் பழைய ஓலையைப் பிரிக்கும்போது கையை யோசித்து வையுங்கள். எனக்குத் தேள் கொட்டியது அப்படித்தான். அன்றைக்கு உதவிக்கு வந்தவர்கள் பாதிப் பேர் கூரையை விட்டுவிட்டு என்னைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மீதிப் பேர் தேளைத் தேடினார்கள். சரி, அந்தக் கன்று என்ன ஆனது?

⁕

எங்கள் கன்றைக் கேட்டீர்கள், அது இப்போது மூன்று ஈன்ற பசு. போன வருஷம் கொட்டகைக்குத் தகரம் போட்டுவிட்டோம். வெயில் ஏறினால் உள்ளே நிற்பதில்லை, கயிற்றை அறுத்துக்கொண்டு புளியமரத்தடிக்குப் போய்விடுகிறது.