பழைய மாணவர் சந்திப்பில் பள்ளி இசைக்குழு மறுபடி பாட: எந்தக் கட்டை, வாத்தியம், வளவு எதிரொலி

கோட்டையூர்க்காரி:
தை மாதம் பழைய மாணவர் சந்திப்பு. பிரேயரிலும் ஆண்டு விழாவிலும் பாடிய அதே குழு மறுபடி பாட வேண்டும் என்று முடிவாகிவிட்டது. பெண்கள் 10, ஆண்கள் 6, எல்லாருக்கும் ஐம்பது ஒட்டிய வயது. கையில் இருப்பது பரணிலிருந்து இறக்கிய ஆர்மோனியம் ஒன்று, 1 கட்டை மிருதங்கம் ஒன்று (கட்டை என்றால் பாட்டின் ச நிற்கும் ஸ்ருதி: 1 என்பது C, 1½ அதற்கு அடுத்த கறுப்பு). பாட்டு இரண்டு: தமிழ்த்தாய் வாழ்த்து, அப்புறம் கீழ்ப் பஞ்சமம் (ப) வரை இறங்கும் ஒரு முருகன் பாட்டு. பெண்கள் 5½ கட்டை என்கிறார்கள், ஆண்கள் 1 என்கிறார்கள். ஆர்மோனியத்தில் விரல் வைக்கும் கட்டை ஒன்று அமுக்காமலே கத்துகிறது. பாடப்போவது ஒரு பெரிய வீட்டு வளவில் (முற்றமும் சுற்றித் தாழ்வாரமும்), அங்கே பேசினாலே எதிரொலி. எங்கிருந்து ஆரம்பிப்பது?

தேவகோட்டை ஸ்ருதிப்பெட்டி:
ஆச்சி, ரெண்டு பேர் சொல்வதும் தனியாகப் பாடும்போதுதான் சரி. குழுவுக்குக் கட்டையை ஆளை வைத்து முடிவு பண்ணக்கூடாது, பாட்டின் எல்லையை வைத்துத்தான் முடிவு பண்ண வேண்டும். பாட்டில் மிகக் கீழே போகும் ஸ்வரம் எது, மிக மேலே போகும் ஸ்வரம் எது என்று முதலில் குறித்துக்கொள்ளுங்கள். ஆண்கள் ஒரு ஸ்தாயி (ச-விலிருந்து அடுத்த ச வரையுள்ள தூரம்) கீழே அதே ஸ்வரங்களைப் பாடுவார்கள், அவ்வளவுதான்.

முருகன் பாட்டு கீழ்ப் பஞ்சமத்திலிருந்து மேல் சட்ஜம் (ச) வரை என்றால் 1½ கட்டை வையுங்கள். அந்த எல்லைக்குள் இரு சாராருக்கும் குரல் பிடிபடும். 5½ வைத்தால் கீழ்ப் பஞ்சமத்தில் ஆண்கள் ஆறு பேரும் வாயசைப்பார்கள், சத்தம் வராது.

தமிழ்த்தாய் வாழ்த்துக்கு 4½. இது மோகன ராகம். 4½ கட்டையில் ச ரி க ப த ஐந்தும் கறுப்புக் கட்டைகளிலேயே விழும், வெள்ளையைத் தொடவே வேண்டாம். பழக்கம் விட்டுப்போன விரலுக்கு இதைவிட வசதி கிடையாது. கீழ் சட்ஜம் எட்டாத ஆண்கள் அந்த இடத்தில் சும்மா இருக்கட்டும், அமுக்கிப் பாடினால் குழு மொத்தமும் ஸ்ருதி இறங்கும்.

காலம் முக்கியம். 2021 டிசம்பரில் வந்த அரசாணைப்படி இது மாநிலப் பாடல். மூன்றன் நடையில் (மூன்று மூன்றாக எண்ணும் திஸ்ரம்) 55 நொடியில் முடிய வேண்டும். போனில் ஸ்டாப்வாட்ச் வைத்துப் பாருங்கள். பழைய பிரேயர் பழக்கத்தில் ஒவ்வொரு அடியின் கடைசி எழுத்தையும் இழுப்பார்கள், நேரம் அங்கேதான் போகிறது. வேகத்தைக் கூட்டாதீர்கள், இழுப்பை மட்டும் வெட்டுங்கள். மூச்சு எங்கே என்று தாளில் கோடு போட்டுக் கொடுங்கள். சொல்லின் நடுவில் மூச்சு விட்டால் பொருளே மாறிவிடும்.

பள்ளத்தூர் தோல்வாத்தியம்:
மேலே சொன்ன ரெண்டு கட்டையும் மிருதங்கத்துக்கும் பொருந்துது பாருங்க. 1 கட்டை மிருதங்கத்தை அரைக்கட்டை ஏத்தி 1½-ல் நிறுத்திட்டா, முருகன் பாட்டுக்கு அது சட்ஜம், 4½ பாட்டுக்கு அதுவே பஞ்சமம். நடுவில் சுத்தியல் எடுக்கவே வேண்டியதில்லை. 5 கட்டையில் பாடியிருந்தீங்கன்னா 1 கட்டை மிருதங்கம் மத்தியமமா (ம) நிக்கும். மோகனத்தில் மத்தியமமே கிடையாது, ஒவ்வொரு அடியும் காதில் குத்தும்.

அதுக்கு மேல ஏத்தாதீங்க. இந்த மாதிரி 24 அங்குல வாத்தியத்தை 5 கட்டைக்கு இழுத்தா தோல் கிழியும். அதுக்கு 22 அங்குலம் தனியா வேணும். வலந்தலையை (வலப்பக்கத் தோல்) ஏத்தும்போது ஒரே இடத்தில் தட்டாம, வார் நுழையும் 16 கண்ணையும் சுத்தி வந்து கொஞ்சம் கொஞ்சமா தட்டணும். எதிரெதிர் கண்கள் ஒத்துப் போகலைன்னா நாதம் ரெண்டாப் பிரியும்.

தொப்பிக்கு (இடப்பக்கத் தோல்) ரவை. பிசைந்து ஒட்டும்போது கெட்டியா இருக்கணும், தண்ணி கூடினா பாதிப் பாட்டில் வழுக்கி விழும். தோலை முதலில் லேசா நனைச்சுக்கோங்க. முடிஞ்சதும் சுரண்டி எடுத்துருங்க, இல்லாட்டி ராத்திரி எலிக்கு விருந்து.

கண்டனூர் ரீடு:
அமுக்காமலே கத்துகிற கட்டைக்குக் காரணம் பெரும்பாலும் அடியில் உள்ள தோல் பட்டையைப் பூச்சி அரித்திருப்பது, இல்லை ஸ்பிரிங் தளர்ந்திருப்பது. மேல்பலகையைக் கழற்றி அந்தக் கட்டையைத் தூக்கிப் பார்த்தாலே தெரியும். ஊமையாகவோ கரகரவென்றோ கேட்கும் ரீடில் (சத்தம் எழுப்பும் உலோக நாக்கு) தூசிதான். மெல்லிய தாளை நாக்குக்கு அடியில் நுழைத்து எடுத்தால் போதும். எண்ணெய் விடவே கூடாது. ரீடைச் சுரண்டவும் வேண்டாம்: நுனியில் சுரண்டினால் ஸ்ருதி ஏறும், அடியில் சுரண்டினால் இறங்கும், திரும்பக் கொண்டுவர முடியாது.

பழைய பெட்டி போன் ஆப் காட்டும் ஸ்ருதியிலிருந்து சற்று விலகியிருக்கலாம். ஆர்மோனியத்தை மாற்ற முடியாது, எனவே மிருதங்கத்தையும், ஸ்ருதிப்பெட்டி இருந்தால் அதையும், அதற்கு இசையவையுங்கள்.

கானாடுகாத்தான் மைக்செட்:
வளவில் சுவர் கண்ணாடி போல் வழுவழுப்பு, தரை ஆத்தங்குடிக் கல், தூணும் மழமழவென்று. சத்தம் எதிலும் அடங்காது. திறந்த வானம் ஓரளவு வெளியேற்றும், ஆனால் மேலே தகரமோ கண்ணாடியிழைத் தகடோ போட்டிருந்தால் அதுவும் போச்சு. குழுவைத் தாழ்வாரத்தில் நிறுத்தி முற்றத்தைப் பார்த்துப் பாட வையுங்கள். முதுகுக்குப் பின்னால் ரெண்டு கனத்த ஜமுக்காளம் தொங்கட்டும், எதிர்த் தாழ்வாரச் சுவரிலும் ஒன்று. தரையில் பாய் போடாமல் ஜமுக்காளமே விரியுங்கள்.

வெறும் வீட்டில் ஒத்திகை பார்த்துப் பயப்பட வேண்டாம், அன்றைக்குக் கூட்டம் உட்கார்ந்ததும் பாதி எதிரொலி குறைந்துவிடும். அதற்கு ஏற்ற வேகத்தை ஒத்திகையிலேயே பிடித்துவிடுங்கள். எதிரொலிக்குக் காத்திருந்து பாடினால் பாட்டு நத்தை வேகத்துக்குப் போய்விடும். எல்லாரும் எதிரொலியைக் கேட்காமல் மிருதங்கத்தையே கேட்கட்டும்.

மைக் மூன்று போதும்: பெண்கள் வரிசைக்கு ஒன்று, பின்னால் ஆண்களுக்கு ஒன்று, ஆர்மோனியத்துக்கு ஒன்று. மிருதங்கத்துக்கு வளவில் மைக்கே வேண்டாம். ஸ்பீக்கர் மைக்குகளுக்கு முன்னால் இருக்கணும், பின்னால் வைத்தால் ஊளையிடும். குரல் கனமான ரெண்டு பேரை ஓரத்தில் நிறுத்துங்கள்.

கோட்டையூர்க்காரி:
நன்றி அண்ணன்மாரே. பாட்டு சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா? விருந்து பெரிசு.

பள்ளத்தூர் தோல்வாத்தியம்:
முன்னாடிதான் ஆச்சி. விருந்து சாப்பிட்டவங்களுக்கு மூச்சு ஒரு அடிக்குக்கூட நிக்காது. 11 மணிக்கு வச்சீங்கன்னா காலைப் பனி ஈரமும் போயிருக்கும், தோலும் ஸ்ருதியில் நிக்கும். மிருதங்கத்தை முற்றத்து வெயிலில் மட்டும் வைக்காதீங்க, அரை மணியில் ஸ்ருதி ஏறிரும். நிழலில், உறையோட வச்சு, பாட ஆரம்பிக்கும் முன்னாடி ஒரு தடவை ஆர்மோனியத்தோட ஒத்துப் பார்த்துக்கோங்க.