ஆர்33 ஸ்கைலைன் வாங்கப் போறன், முதல்ல எதில காசு போடுறது?

நைட்ஷிஃப்ட்_ஸ்கார்பரோ

வணக்கம் எல்லாருக்கும். இவ்வளவு நாளும் வாசிக்கிறதோட சரி, இப்பதான் எழுதுறன். 1996 நிசான் ஸ்கைலைன் ஜிடிஎஸ்25டி ஒண்டு பாத்து வச்சிருக்கிறன், ஆர்33 சீரிஸ் 2, ஃபைவ் ஸ்பீட் மனுவல், கார் வான்கூவர் பக்கம் ஒரு இம்போர்ட்டரிட்ட வந்து இறங்கீட்டுது. மீற்றர்ல 92,000 கிலோமீற்றர். 27,500 டொலர் சொல்றாங்கள், அதுக்கு மேல வரி, பிறகு ஒன்ராறியோவுக்கு லொறியில ஏத்திற காசு. ஒக்சன் ஷீட் (ஜப்பான் ஏலத்தில காரைப் பாத்து எழுதின தாள்) அனுப்பினவங்கள், கிரேட் 3.5, உள்பக்கத்துக்கு சி, மிச்சம் முழுக்க ஜப்பான் எழுத்து, எனக்கு ஒண்டும் விளங்கேல்ல.

வாங்கினாப் பிறகு கையில ஒரு ஆறாயிரம் மிஞ்சும். முன்னுக்கு பெரிய இன்டர்கூலர் (டேர்போக் காத்தைக் குளிராக்கிறது), எக்ஸோஸ்ட், கொயில்ஓவர் சஸ்பென்ஷன், பூஸ்டை, அதான் டேர்போ எஞ்சினுக்குள்ள தள்ளுற காத்தழுத்தத்தை, 14 பிஎஸ்ஐக்கு ஏத்திறது, இதுதான் பிளான். என்ர மச்சான் ஒருத்தன் 350 குதிரை சும்மா வரும் எண்டுறான். விண்டருக்கு கொரோலா இருக்கு, இது சமருக்கு மட்டும்தான். வயசு 26, இன்சூரன்ஸ் எப்பிடி எண்டும் ஆராவது சொல்லுங்கோ. எதை முதல்ல செய்யிறது?

மார்க்கம்_அண்ணை

தம்பி, நல்ல கார், வாங்கோ. ஆனா உங்கட லிஸ்டை அப்பிடியே தலைகீழாப் பிடிக்கோணும். உங்கட வயசளவு பழைய கார் அது, அதில இருக்கிற றப்பர் எல்லாம் அதே வயசு, 6000 டொலரும் மினுங்கிற சாமானுக்குப் போக முதல் அதுக்குத்தான் போகும்.

வாங்க முதல் பாக்கவேண்டியது கறள். எஞ்சினை எப்பவும் திருத்தலாம், கார் பொடியை, அதான் தகட்டை, ஏலாது. இம்போர்ட்டரிட்ட போன் எடுத்து பொனட்டைத் திறந்து ரெண்டு பக்கமும் முன் ஸ்ட்ரட் டவரை (சஸ்பென்ஷன் மேல வந்து பூட்டுற மேடு) கிட்ட வச்சுப் படம் எடுக்கச் சொல்லுங்கோ. அந்த மூட்டுக்கு மேல பூசின சீலன்ட் சில இடத்தில பொக்குளம் மாதிரி உப்பி நிக்கும், நகத்தால அமத்தினா உள்ளுக்க நொறு நொறு எண்டும். அதுதான் ஆர்33ன்ர வியாதி. பிறகு டிக்கி, இந்தக் காருக்கு பற்றரி பின்னுக்குத்தான் இருக்கு, கார்ப்பெட்டைத் தூக்கி பற்றரிக்குக் கீழ உள்ள தகட்டைப் பாக்கோணும், அசிட் ஊத்துண்டிருந்தா அந்த இடம் அரிச்சுப் போயிருக்கும். பின் சில்லு வளைவு, கதவுக்குக் கீழ ஓடுற தகட்டில ஜக் வைக்கிற இடம், இதுகளையும் பாருங்கோ. ஏற்றுமதிப் பேப்பர்ல கார் எந்த ஊர்ல பதிஞ்சிருந்தது எண்டு இருக்கும், சப்போரோ, அவோமோரி, நீகாத்தா எண்டு வந்தா அதெல்லாம் பனி கொட்டுற பக்கம், அடிப்பக்கத்தை இன்னும் ஒருக்கா பாருங்கோ.

ஒக்சன் ஷீட்டில மூலையில ஒரு கார்ப் படம் கீறி அதுக்கு மேல ஆங்கில எழுத்தும் நம்பரும் இருக்கும். ஏ எண்டா கீறல், யூ எண்டா நசிவு, டபிள்யூ எண்டா தட்டி நிமித்தி பெயின்ட் அடிச்ச அலை தெரியுது எண்டு அர்த்தம், எஸ் கறள், சி அரிப்பு, எக்ஸ்எக்ஸ் எண்டா அந்தப் பனல் மாத்தியாச்சு. நம்பர் கூடக் கூட பெரிசு. கிரேட்டில ஆர் எண்டு வந்தா பெரிய அடிபட்டுத் திருத்தின கார். 3.5 எண்டுறது இந்த வயசுக்கு ஒரு குறையும் இல்லை, 4.5 எண்டு சொல்லி விக்கிறதைப் பாத்தாத்தான் எனக்குப் பயம்.

இன்னொண்டு, இந்த மொடல் கனக்க ஜப்பானில டிரிஃப்ட், அதான் பின்பக்கத்தை வழுக்க விட்டு, ஓடித் திரிஞ்சதுகள். எடுக்க முதல் ஆரையும் விட்டு பார்க்கிங் லொட்டில ஸ்டியரிங்கை முழுக்க வெட்டி மெதுவா வட்டம் ஓடச் சொல்லுங்கோ. பின் டயர் தத்தித் தத்தி கீச்சிட்டா டிஃபரன்சியலை, அதான் பின் சில்லு ரெண்டையும் வேற வேற வேகத்தில சுத்த விடுற சாமானை, வெல்டிங் அடிச்சிருக்கலாம். பொனட்டுக்குக் கீழ ஃபயர்வோல்ல (எஞ்சினுக்குப் பின்னால உள்ள தடுப்பு) ஒரு சின்னத் தகடு இருக்கு, அதில கியர்பொக்ஸ் கோட் எஃப்எஸ்5 எண்டு தொடங்கினா ஃபக்டரி மனுவல், ஆர்ஈ4 எண்டு தொடங்கினா ஓட்டோவா வந்த காரை மாத்தியிருக்கிறாங்கள். மாத்தினது எண்டா கூடாது எண்டில்லை, ஆனா மனுவல் விலை குடுக்கக்கூடாது.

வீட்டை வந்தாப் பிறகு முதல் வேலை: டைமிங் பெல்ட், அதோட டென்ஷனர், ஐட்லர், வோட்டர் பம்ப், தெர்மொஸ்டட், எல்லா ஹோஸும் ஒரே நாளில. பிறகு ஸ்பார்க் குடுக்கிற கொயிலும் பிளக்கும், ஃபியூவல் ஃபில்டர், எல்லா எண்ணெயும். அதுக்குப் பிறகு காசு மிஞ்சினா கதைப்பம்.

கோவை_டர்போ

அண்ணா சொன்னது எல்லாம் கரெக்ட். நான் கால்கரி, சொந்த ஊர் கோயம்புத்தூர், என்கிட்ட இருக்கிறதும் இதே எஞ்சின்தான், ஆர்பி25டிஈடி. ப்ரோ, அந்த 14 பிஎஸ்ஐ ஐடியாவை மட்டும் தயவு செஞ்சு விட்ருங்க. கம்பெனி டர்போல எக்ஸாஸ்ட் பக்கம் இருக்கிற வீல் செராமிக். லேசா இருக்கிறதால சீக்கிரம் சுத்த ஆரம்பிக்கும், அதான் இந்த வண்டி கீழ ஆர்பிஎம்லயே நல்லா இழுக்குது. ஆனா சூடும் ஸ்பீடும் ஒரு அளவுக்கு மேல போச்சுன்னா வீல் ஷாஃப்ட்ல இருந்து கழண்டு தூள் தூளாயிடும், பூஸ்ட் மொத்தமா போயிடும், துண்டெல்லாம் போய் கேட்டலிடிக் கன்வெர்ட்டர்ல உக்காந்துக்கும். கம்பெனி பூஸ்ட் 5ல இருந்து 7 பிஎஸ்ஐ, நான் 10ல வச்சிருக்கேன். 12னு ஓட்டறவங்களும் இருக்காங்க, அது அவங்க அவங்க தைரியம்.

ரெண்டாவது, கம்பெனி ஈசியு, அதான் எஞ்சின் கம்ப்யூட்டர், சும்மா இருக்காது. எஞ்சினுக்குள்ள போற காத்தை அளக்கிற ஏர்ஃப்ளோ மீட்டர்ல காத்து ஜாஸ்தியா வர்றத பாத்துச்சுன்னா பெட்ரோல அள்ளிக் கொட்டி இக்னிஷன் டைமிங்கை பின்னாடி தள்ளிடும், வண்டி யாரோ பின்னால புடிச்சு இழுக்கிற மாதிரி திணறும். நிறைய பேர் இதை கிளட்ச் ஸ்லிப்புன்னும் மிஸ்ஃபயர்னும் நெனச்சு கண்டதை மாத்தறாங்க. பூஸ்ட் ஏத்தணும்னா ஹால்டெக், லிங்க் மாதிரி ஏதாவது ஒரு ஈசியு போட்டு டைனோல (பவர் அளக்கிற மெஷின்) வச்சு ட்யூன் பண்ணணும், அதுக்கே உங்க ஆறாயிரத்துல பாதிக்கு மேல காலி.

பெட்ரோல் விஷயம் யாரும் சொல்லல. ஜப்பான்ல இந்த வண்டியை ட்யூன் பண்ணது அவங்க ஹை ஆக்டேனுக்கு, ஆர்ஓஎன்னு சொல்ற ஆக்டேன் கணக்குல அங்க பம்ப்ல கிடைக்கிறது கிட்டத்தட்ட 100. நம்ம ஊர் பம்ப்ல 91னு போட்டிருக்கிறது வேற கணக்கு, அது ஆர்ஓஎன்ல பாத்தா 95, 96தான் வரும். அதனால 91 போட்டுட்டு பூஸ்டும் ஏத்தினா நாக்கிங் வரும், அதாவது பெட்ரோல் சிலிண்டருக்குள்ள தாறுமாறா வெடிக்கும், வெயில் காலத்துல பிஸ்டனுக்கே வேலை வச்சிடும். பெட்ரோ கனடால 94 கிடைக்கிற பம்ப் உங்க பக்கம் இருக்கும், அதையே போடுங்க, ட்யூனும் அதுக்கே பண்ணுங்க.

4000 ஆர்பிஎம்முக்கு மேல பூஸ்ட்ல மட்டும் விக்கல் வந்த மாதிரி திணறினா முதல் சந்தேகம் காயில் பேக், ஆறு சிலிண்டர் காயில்லயும் பிளாஸ்டிக் வெடிச்சு ஸ்பார்க் வெளிய லீக் ஆகும். பிளக் நுனில இருக்கிற கேப்பை 1.1ல இருந்து 0.8 மில்லிமீட்டருக்கு குறைச்சா கொஞ்ச நாள் ஓடும், ஆனா கடைசில காயில் மாத்தித்தான் ஆகணும். ஸ்ப்ளிட்ஃபயர் கம்பெனி காயில் அப்படியே உக்காரும், ஆர்35 ஜிடிஆர் காயில் போடறவங்களும் இருக்காங்க, அதுக்கு பிராக்கெட்டும் வயரிங்கும் தனி. ஐடில்ல, அதாவது ஆக்ஸிலேட்டர் மிதிக்காம நிக்கும்போது, தடுமாறுச்சுன்னா ஏர்ஃப்ளோ மீட்டரை ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால லேசா தட்டிப் பாருங்க, தட்டும்போது ஐடில் குதிச்சா உள்ள சால்டர் விட்டிருக்கு, மூடியைத் திறந்து சால்டர் பண்ணினா செலவே இல்ல. இதுக்கு புது மீட்டர் வாங்க சொல்ற கடைகளும் உண்டு!

நட்டும்போல்ட்டும்

27,500 + வரி + லொறி + ஆறாயிரம். இந்தக் காசுக்கு வொரன்டியோட நல்ல சுபாரு டபிள்யூஆர்எக்ஸ் ஒண்டு எடுக்கலாம், இடப்பக்கம் ஸ்டியரிங், ஹீட்டட் சீட், எந்த டீலரும் கை வைப்பான். 250 குதிரைக் காருக்கு இவ்வளவு பக்தி ஏன் எண்டு எனக்கு விளங்கேல்ல. பத்து வருசத்துக்கு முதல் எண்டா சரி, அப்ப ஆர்33 மலிவு. அமெரிக்காவில இறக்குமதிக்கு இருக்கிற 25 வருச ரூல் தாண்டி அவங்களும் வாங்கத் தொடங்கினாப் பிறகு மலிவு எண்ட கதையே இல்லை.

மார்க்கம்_அண்ணை

நட்டு, நீங்கள் சொல்றது கணக்குக்குச் சரி. ஆனா கணக்குப் பாத்து ஸ்கைலைன் வாங்கினவன் உலகத்தில ஒருத்தனும் இல்லை. ஒண்டு மட்டும், பாட்ஸ் கிடையாது எண்டு நினைக்காதேங்கோ. முன் பிரேக் பேட் இங்க வித்த நிசான் 300இசட்எக்ஸ் (இசட்32) பேட்தான், கடையில போய் அந்தக் காரின்ர பேரைச் சொல்லி வாங்கலாம். சில்லறைச் சாமான் ஜப்பானில இருந்து பாசல்ல வரும். கஷ்டம் எண்டா உள்பக்கப் பிளாஸ்டிக்கும் கண்ணாடியும், முன் கண்ணாடி வெடிச்சா தேடிக் களைப்பீங்கள்.

பாலிசி_பொடியன்

இன்சூரன்ஸ் தொழில்லதான் இருக்கிறன், அதால அதை மட்டும் சொல்றன். கார் 15 வருசத்துக்கு மேல எண்டபடியா கனடாவுக்கு இறக்குமதி செய்யப் பிரச்சினை இல்லை, கியூபெக்கில மட்டும் வலப்பக்க ஸ்டியரிங்குக்கு 25 வருசம் கேப்பாங்கள், இது அதையும் தாண்டீட்டுது. சிக்கல் எங்க எண்டா வின் நம்பர், அதான் காரின்ர அடையாள இலக்கம். ஜப்பான் காருக்கு 17 இலக்கம் இல்லை, ஈசிஆர்33 எண்டு தொடங்கி ஒரு கோடு, பிறகு ஆறு இலக்கம். கனக்க கொம்பனியின்ர சிஸ்டம் அதை அடிச்ச உடன பிழை எண்டு சொல்லும், போன்ல இருக்கிற பிள்ளையும் ஏலாது எண்டு வச்சிடும். நேர போன் அடிக்காமல் புரோக்கரைப் பிடிச்சு கிளாசிக் கார் பாலிசி கேளுங்கோ. அதில காருக்கு ஒரு பெறுமதியை முதலே ரெண்டு பக்கமும் ஒத்துக்கொள்ளுறது, கார் எரிஞ்சாலும் களவு போனாலும் அந்தக் காசு. பதிலுக்கு அவை கேக்கிறது, ஒவ்வொரு நாளும் ஓட வேற கார் இருக்கோணும், உங்களுக்கு கொரோலா இருக்கு, கூடுதலா 25 வயசுக்கு மேல இருக்கோணும், அதுவும் இருக்கு, கராஜ் இருந்தா இன்னும் நல்லம். கார் வாங்க முதல் இன்சூரன்ஸ் எவ்வளவு வரும் எண்டு கேட்டு எடுங்கோ. காசைக் குடுத்திட்டு வந்து கேக்கிற ஆக்கள்தான் கூட.

மொடிஃபிகேஷன் செய்தா சொல்லோணும். சொல்லாமல் டேர்போ மாத்தி ஓடி அடிபட்டா அவை கழண்டிடுவினம், பிறகு அழுது வேலையில்லை.

பிளேட் எடுக்க சேஃப்டி சேர்ட்டிஃபிக்கட் வேணும், அது 36 நாள்தான் செல்லும், அதால எல்லாத்தையும் திருத்தி முடிச்சிட்டு எடுங்கோ. ஹெட்லைட்டையும் கவனியுங்கோ, ஜப்பான் லைட் இடப்பக்கம் ஓடுறதுக்கு வெட்டினது, இங்க எதிர்ல வாறவன்ர கண்ணுக்க அடிக்கும், சில இன்ஸ்பெக்டர் விடமாட்டார்.

நைட்ஷிஃப்ட்_ஸ்கார்பரோ

எல்லாருக்கும் நன்றி. இம்போர்ட்டர் படம் அனுப்பினவர். தகட்டில எஃப்எஸ்5ஆர்30ஏ, அப்ப ஃபக்டரி மனுவல்தானே. ஷீட்டில பின் வலப்பக்க ஃபெண்டருக்கு டபிள்யூ2, முன் பம்பருக்கு ஏ2, கீழ எஸ்1. ஸ்ட்ரட் டவர் ரெண்டும் வடிவா இருக்கு, டிக்கிப் படம் இன்னும் வரேல்ல. பெல்ட் கவர்ல ஒரு ஸ்டிக்கர், வேலையிடத்தில ஜப்பான் பாஷை தெரிஞ்ச பிள்ளை ஒண்டு வாசிச்சுச் சொன்னது, ஹெய்செய் 19, 61,000 கிலோமீற்றரில டைமிங் பெல்ட் மாத்தினது எண்டு. அப்ப இன்னும் 31,000தான் ஓடியிருக்கு, பெல்ட் இப்ப மாத்தத் தேவையில்லைத்தானே? அதோட ஹைகாஸ் லைட் எரியுது எண்டு சொன்னவர், அது என்ன?

கோவை_டர்போ

ஹைகாஸ்னா பின் வீலும் கொஞ்சம் திரும்பற சிஸ்டம். ஆர்33ல அது எலக்ட்ரிக். பின்னாடி பால் ஜாயின்ட் தேஞ்சு ஆட்டம் குடுக்கும், ஹைவேல வண்டி அதுவா அலையற மாதிரி ஒரு ஃபீல் வரும். நிறைய பேர் லாக் பார் போட்டு அதை அப்படியே நிறுத்திடறாங்க, பெரிய செலவு கிடையாது. லைட் எரியறதுக்கு சென்சாரும் காரணமா இருக்கலாம், சும்மா ஸ்டியரிங் வீல் மாத்தினாக்கூட எரியும். ஸ்டியரிங் ஒரிஜினலான்னு கேளுங்க.

மார்க்கம்_அண்ணை

ஹெய்செய் 19 எண்டா 2007. ஸ்டிக்கர் நல்ல விசயம், 2007ல 61,000 எண்டா இப்ப மீற்றர்ல காட்டுற கணக்கோட ஒத்துப்போகுது, ஆனா மீற்றரை ஆரும் பின்னுக்குத் திருப்பேல்ல எண்டதுக்கு அது முழுச் சாட்சி இல்லை. ஆனா பெல்ட்டுக்கு கிலோமீற்றர் மட்டும் இல்லை தம்பி, நிசான் 100,000 எண்டு சொன்னது ஒழுங்கா ஓடுற காருக்கு. 2007ல போட்ட றப்பர் பெல்ட், எத்தினை வருசம் எண்டு எண்ணிப் பாருங்கோ. அறுந்தா வால்வும் பிஸ்டனும் முட்டும், எஞ்சின் சரி. மாத்துங்கோ.

டபிள்யூ2 பின் ஃபெண்டர்ல எண்டா சில்லு வளைவில நசிவை நிரப்பிற ஃபில்லர் போட்டிருக்கலாம். வான்கூவர்ல ஆராவது தெரிஞ்சவை இருந்தா ஒரு சின்னக் காந்தத்தைத் துணியில சுத்திக்கொண்டு போய் வளைவில வச்சுப் பாக்கச் சொல்லுங்கோ, ஒட்டாத இடத்தில பெயின்ட்டுக்குக் கீழ தடிப்பா ஃபில்லர்தான். அதைக் காட்டி விலையில ஆயிரம் குறைக்கக் கேளுங்கோ, அந்த ஆயிரம் டைமிங் பெல்ட்டுக்குக் காணும். டிக்கிப் படம் அனுப்பச் சாட்டுச் சொன்னா டிப்பொசிட் கட்டாதேங்கோ.

இங்க வந்தாப் பிறகு செப்டெம்பருக்குள்ள அடிப்பக்கத்துக்கு ஓயில் ஸ்ப்ரே அடிச்சு, பனிக்கு றோட்டில உப்புப் போடத் தொடங்க முதல் கராஜில விட்டு பற்றரிக்கு மெல்ல மெல்ல சார்ஜ் ஏத்துற டிரிக்கிள் சார்ஜர் கொழுவி விடுங்கோ. கார் வலப்பக்க ஸ்டியரிங், அதால முதல் கிழமை இன்டிகேட்டருக்குப் பதிலா வைப்பர் போடுவீங்கள், ஊரில ஓடினவைக்கே அது வாறது. இன்டர்கூலர் கதையை அடுத்த சமருக்குக் கதைப்பம், அப்பவும் 10 பிஎஸ்ஐதான்.

நைட்ஷிஃப்ட்_ஸ்கார்பரோ

சரி அண்ணை. ஸ்டியரிங் ஒரிஜினல் இல்லை, மோமோ கொம்பனியின்ரதான் போட்டிருக்கு, படத்தில இப்பதான் பாத்தன். டிக்கிப் படம் நாளைக்கு எண்டவர், வந்த உடன போடுறன்.