திரும்பினால் முதல் வரிசை: லைன் டான்ஸில் மாட்டிக்கொண்ட கதைகள்

கடைசிவரிசை

வரிசை கட்டி நின்று எல்லோரும் ஒரே ஸ்டெப்பை வைக்கும் லைன் டான்ஸில் ஒன்றான எலக்ட்ரிக் ஸ்லைட் ஆடியவர்களுக்கு நான் எதைச் சொல்கிறேன் என்று உடனே புரியும். அந்தத் திருப்பம். மூன்று மாதம் ஆகிவிட்டது, இன்னும் பல் தேய்க்கும்போது நினைவுக்கு வந்து கூசுகிறது.

தோழியின் கல்யாண வரவேற்பு. டிஜே பாட்டைப் போட்டதும் பாதிக் கூட்டம் எழுந்து வரிசை கட்டிவிட்டது. எனக்கு ஒரு ஸ்டெப்கூடத் தெரியாது. தெரியாதவர்கள் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன்: கடைசி வரிசை, இடது ஓரம். முன்னால் பச்சைப் புடவை கட்டிய ஓர் அக்கா நன்றாக ஆடினார். அவர் காலையே பார்த்தேன். வலப்பக்கம் போனார், போனேன். இடப்பக்கம் வந்தார், வந்தேன். பின்னால் நகர்ந்தார், நகர்ந்தேன். முன்னால் ஒரு சாய்வு, பின்னால் ஒரு சாய்வு. அட, இவ்வளவுதானா என்று நினைத்தேன் பாருங்கள், அந்த நொடியில் எல்லோரும் சட்டென்று இடப்பக்கம் திரும்பினார்கள். நானும் திரும்பினேன். முன்னால் அக்கா இல்லை. யாருமே இல்லை. ஒரு வெள்ளைச் சுவரும், கேமராவோடு நிற்கும் வீடியோக்காரரும்தான்.

அதாவது, ஒளிந்துகொள்ள நான் தேடிப் பிடித்த மூலை இப்போது முதல் வரிசை.

ஏதோ ஓர் இடத்தில் கால் நின்றுவிட்டது. சும்மா நிற்கக் கூடாதே என்று பதற்றத்தில் கையை ஒரு தட்டு தட்டினேன். பின்னாலிருந்தும் தட்டுச் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் பத்து வயதுப் பெண் ஒருத்தியும் அவள் பக்கத்தில் நாலைந்து பேரும் என்னைப் பார்த்து ஆடிக்கொண்டிருக்கிறார்கள்! அடுத்த சுற்றில் அதே இடம் வந்ததும் அவர்கள் எல்லோரும் தட்டினார்கள். நான் தட்டவில்லை. அந்தப் பெண் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, ஏமாற்றுக்காரியைப் பார்ப்பதுபோல.

இப்படி வேறு யாருக்காவது நடந்திருக்கிறதா?

தாளக்காரன்

இடது மூலையில் நின்றதுதான் உங்கள் தப்பு. திருப்பம் இடப்பக்கம் என்றால் பின்வரிசையில் வலது ஓரத்தில் நிற்க வேண்டும். அப்போது திரும்பினாலும் மொத்தக் கூட்டமும் உங்களுக்கு முன்னால்தான் இருக்கும். நான் எப்போதும் அப்படித்தான்.

என் கதை சா சா ஸ்லைடில் நடந்தது. அதில் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று பாட்டே சொல்லிவிடும், மனப்பாடம் வேண்டாம். 1998-ல் டிஜே காஸ்பர் என்ற சிகாகோக்காரர் உடற்பயிற்சி வகுப்புக்காக உருவாக்கியது என்பதால் கட்டளை மேல் கட்டளையாக வரும். அந்தத் தைரியத்தில் நடுவில் போய் நின்றேன். 'அசையாதே' என்று ஒரு கட்டளை வரும். அசையாமல் நின்றேன், சிலை மாதிரி, ஒரு கை மேலே. கைதட்டச் சொல்லி உடனே அடுத்த கட்டளையும் வந்துவிட்டது. அது என் காதில் விழவில்லை. சுற்றிலும் எல்லோரும் தட்டுகிறார்கள், நான் கையைத் தூக்கியபடி நிற்கிறேன். சிலையாக நிற்கும் எனக்காகத்தான் தட்டுகிறார்கள் என்று நினைத்து லேசாகத் தலைவேறு குனிந்தேன். ஆபீஸ் விழா. இன்றுவரை என் பெயர் அங்கே சிலை.

கணக்குப்புலி

தாளக்காரன் சொல்வதை நம்பி யாரும் வலது மூலைக்கு ஓட வேண்டாம். இது நாலு சுவர் ஆட்டம். ஒவ்வொரு சுற்றுக்கும் கால்வாசி இடப்பக்கம் திரும்பி, நாலாவது சுற்று முடியும்போது பழைய சுவரைப் பார்ப்போம். இடது பின்மூலையில் நிற்பவர் முதல் திருப்பத்திலும் இரண்டாவது திருப்பத்திலும் முன்வரிசை. வலது பின்மூலையில் நிற்பவருக்கு அதே தலைவலி இரண்டாவது, மூன்றாவது திருப்பத்தில். எந்த மூலையாக இருந்தாலும் நாலில் இரண்டு சுவருக்கு முன்வரிசைதான். உங்கள் யோசனை தண்டனையைத் தள்ளிப்போடுகிறது, ரத்து செய்யவில்லை. நடுவில் நிற்பவருக்கு மட்டும்தான் நாலு பக்கமும் ஆள்.

என் அனுபவமும் கணக்கில்தான் கவிழ்ந்தது. ஆண்டு விழாவுக்கு எங்கள் பிரிவில் பன்னிரண்டு பேருக்கு நான்தான் எலக்ட்ரிக் ஸ்லைட் சொல்லிக்கொடுத்தேன். எல்லா ஆட்டத்துக்கும் எட்டு வரை எண்ணுவார்களே, நானும் அப்படியே எண்ணினேன். முதல் சுற்று அருமை. இரண்டாவதில் எல்லோர் முகத்திலும் குழப்பம். மூன்றாவதில் பாதிப் பேர் வலப்பக்கம், பாதிப் பேர் பின்பக்கம். அப்புறம்தான் உறைத்தது: பார்ட்டிகளில் ஆடும் வடிவத்துக்கு 18 கவுண்ட். வலப்பக்கம் 4, இடப்பக்கம் 4, பின்னால் 4, முன்னும் பின்னும் சாய்வது 4, திரும்புவது 2. பதினெட்டை எட்டால் வகுத்தால் 2 மிச்சம். அதனால் இரண்டாவது சுற்று எட்டின் மூன்றாவது எண்ணில் தொடங்குகிறது, அடுத்தது ஐந்தில், அதற்கடுத்தது ஏழில். நாலு சுற்று முடிந்தால் 72, அதாவது ஒன்பது எட்டு. பழைய சுவருக்குத் திரும்பும்போதுதான் எண்ணிக்கையும் ஒன்றுக்குத் திரும்பும். எவ்வளவு அழகான கணக்கு! அன்றைக்கு மேடையில் இதை ரசிக்க முடியவில்லை.

இன்னொன்று. ஒத்திகையில் "இங்கே கால் திருப்பம்" என்று கத்தினேன். கால்வாசி என்ற அர்த்தத்தில் சொன்னேன். கணக்குப் பிரிவில் ஒருவர் பாதத்தை மட்டும் திருப்பிவிட்டு உடம்பை நேராக வைத்துக்கொண்டு அப்படியே நின்றார், அடுத்த கட்டளைக்காக.

கண்ணாடிக்குள்

நான் யாரையும் நம்பாமல் வீட்டிலேயே வீடியோ பார்த்துப் பழகினேன். இரண்டு வாரம், தினமும் இரவு, கதவைச் சாத்திக்கொண்டு. மனப்பாடம். பார்ட்டியில் பாட்டு வந்ததும் நேராக முதல் வரிசைக்கே போனேன், அவ்வளவு திமிர்.

முதல் ஸ்டெப்பிலேயே பக்கத்தில் இருந்தவரின் தோளில் என் தாடை. அவர் வலப்பக்கம் வருகிறார், நான் இடப்பக்கம் போகிறேன். அவருக்குத்தான் தெரியவில்லை என்று நினைத்து "இந்தப் பக்கம் சார்" என்று வேறு சொன்னேன். அவர் ரொம்ப மரியாதையாகப் பின்னால் கையைக் காட்டினார். திரும்பிப் பார்த்தேன். நாற்பது பேரும் அவர் பக்கம்.

வீடியோவில் இருந்த பெண் செல்பி கேமராவில் எடுத்திருந்தார், படம் இடவலமாகப் புரண்டிருந்தது. எதிரில் நின்று ஆடுகிறாரே என்று நானும் மனதுக்குள் ஒரு முறை இடவலம் மாற்றிப் பழகியிருந்தேன். அவர் பனியனில் இருந்த எழுத்து இடவலம் மாறித் தெரிந்ததே, இரண்டு வாரத்தில் ஒரு நாளாவது யோசித்திருக்க வேண்டாமா நான். இப்போது எந்த வீடியோவைப் பார்த்தாலும் முதலில் எழுத்தைத்தான் தேடுகிறேன்.

முட்டிபத்திரம்

எனக்கு நடந்தது சின்ன விஷயம். புது ரப்பர் அடி ஷூ போட்டுக்கொண்டு ஆடினேன். திருப்பத்தில் உடம்பு திரும்பியது, ஷூ தரையைப் பிடித்துக்கொண்டது, முட்டி இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. ஒரு வாரம் நொண்டினேன்.

இங்கே யாரும் அடிப்படையைப் பேசாததால் சொல்கிறேன். ஸ்டெப் வேறு, டச் வேறு. வலது கால், இடது காலைப் பின்னால் குறுக்கே, மறுபடி வலது கால், இந்த மூன்றும் ஸ்டெப். கிரேப்வைன் என்பது இதைத்தான். நாலாவது கவுண்ட் டச்: இடது கால் தரையைத் தொடும், எடை அதற்குப் போகாது. எடை வலது காலிலேயே இருந்தால்தான் அடுத்து இடது காலை எடுத்து இடப்பக்கம் போக முடியும். புதிதாக ஆடுகிறவர்கள் அந்த டச்சில் முழு எடையையும் வைத்துவிடுகிறார்கள். அப்புறம் இடப்பக்கம் போக வேண்டிய நேரத்தில் கையில் இருப்பது வலது கால்தான், ஒரு துள்ளு துள்ளித்தான் சமாளிக்க வேண்டும். பார்க்கிறவர்களுக்குத் தாளம் தெரியாதவர் போல இருக்கும், உண்மையில் தாளம் சரி, எடைதான் தப்பு. வீட்டில் பாட்டே இல்லாமல் பழகுங்கள். ஒவ்வொரு ஸ்டெப்புக்கும் "எந்தக் கால் இப்போது சும்மா இருக்கிறது?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். எண்ணுவதைவிட வாயால் சொல்லுங்கள்: பக்கம், பின்னால், பக்கம், தொடு. வீடியோவை முக்கால் வேகத்தில் ஓட விடுங்கள். ஆடுபவர் முதுகைக் காட்டி ஆடும் வீடியோவாகத் தேடுங்கள், கண்ணாடிக்குள் மாட்டியது போல மாட்ட மாட்டீர்கள். ஸ்டெப் சின்னதாக இருக்கட்டும், பெரிதாக வைத்தால் நாலு கவுண்டில் பக்கத்து ஆள் மேல் ஏறிவிடுவீர்கள். வழுக்கலான அடி உள்ள செருப்பும் ஆபத்து, ஒட்டுகிற அடியும் ஆபத்து. திரும்பும்போது குதிகாலை லேசாகத் தூக்கி முன்பாதத்தில் சுழலுங்கள். முதல் ஆட்டமாக எலக்ட்ரிக் ஸ்லைடைத் தொடவே தொடாதீர்கள். கியூபிட் ஷஃபிள் போதும், 2007-ல் வந்த பாட்டு, வலப்பக்கம் 8, இடப்பக்கம் 8, குதிகால் முன்னால் 8, நடந்து திரும்ப 8. மொத்தம் 32, கணக்குப்புலியின் எட்டுக்கும் கச்சிதம்.

தாளக்காரன்

அவர் கேட்டது அனுபவம். நீங்கள் பாடத்திட்டம் போட்டிருக்கிறீர்கள்.

கணக்குப்புலிக்கு: நடுவில் நிற்கலாம்தான். ஆனால் நடுவில் இடம் பிடிக்க முன்கூட்டியே எழுந்து போக வேண்டும். தெரியாதவன் எப்போதாவது முதலில் எழுந்து பார்த்திருக்கிறீர்களா? தயங்கித் தயங்கி வருகிறவனுக்கு மூலைதான் மிச்சம். உங்கள் கணக்கு சரி, மனிதர்கள் அப்படி இல்லை.

அந்தக்காலத்துஆட்டக்காரி

நீங்கள் எல்லோரும் சின்னவர்கள் என்று நினைக்கிறேன். எங்கள் காலத்து வினை மாக்கரேனா. 1996-ல் அமெரிக்க பில்போர்டு பட்டியலில் 14 வாரம் முதலிடத்தில் இருந்த பாட்டு. அதற்கடுத்த வருடம் எங்கள் கல்லூரி விடுதியின் விடைபெறும் விழாவில் ஆடினோம். கால் வேலையே கிடையாது, கைதான். வலது கை முன்னால், இடது கை முன்னால், உள்ளங்கை மேலே, தோள், தலை, இடுப்பு, கடைசியில் இரண்டு கையும் பின்பக்கம் வைத்து ஓர் ஆட்டு, பிறகு குதித்துத் திரும்ப வேண்டும்.

எல்லோரும் ஒரு பக்கம் குதித்தார்கள். நான் எதிர்ப்பக்கம். எனக்குப் பக்கத்தில் மாணவிகள் வற்புறுத்தி இழுத்து வந்த வார்டன். என் மூக்குக்கும் அவர் மூக்குக்கும் நடுவில் ஒரு சாண்கூட இருக்காது. என் இரண்டு கையும் இன்னும் பின்பக்கத்தில். இரண்டு பேரும் சிரிக்கவில்லை. பாட்டு ஓடிக்கொண்டே இருக்கிறது. "திரும்பு" என்றார், விடுதியில் விளக்கை அணை என்று சொல்வாரே, அதே குரலில். திரும்பினேன். அவர் பெயரே மறந்துவிட்டது, அந்த ஒரு சொல் மறக்கவில்லை.

சரி, கணக்குப்புலி 18 என்று அடித்துச் சொல்கிறார். எலக்ட்ரிக் ஸ்லைடை 1976-ல் அமைத்த ரிக் சில்வர் வைத்தது 22. நீங்கள் எல்லோரும் ஆடுவது குறைத்த வடிவம். ஊரே தப்பாக ஆடுகிறது என்று அந்த மனிதருக்கே பொறுக்கவில்லை. 2007-ல், காப்புரிமையைக் காட்டி, மற்றவர்கள் இணையத்தில் போட்ட வீடியோக்களை நீக்கச் சொன்னார். வழக்கு வரை போய், வியாபாரமில்லாமல் யார் வேண்டுமானாலும் ஆடிக்கொள்ளலாம் என்று அதே வருடம் விட்டுக்கொடுத்தார். ஆகவே தப்பு, சரி என்று இவ்வளவு சண்டை போட வேண்டாம். ஆட்டத்தை உண்டாக்கியவரே அந்தச் சண்டையில் ஜெயிக்கவில்லை.

அப்புறம், கடைசிவரிசை, ஒன்று கேட்க வேண்டும். நீங்கள் தட்டியதைத் தப்பு என்று ஏன் நினைக்கிறீர்கள்? நாங்கள் ஆடும்போது டச்சில் கை தட்டுவோம். நிறையப் பேர் தட்டுவார்கள். பச்சைப் புடவை அக்கா தட்டாத ஆளாக இருந்திருப்பார், அவ்வளவுதான்.

கடைசிவரிசை

இருங்கள். அப்படியானால் நான் தட்டியது சரியா? அந்தப் பெண்ணுக்கு ஏற்கெனவே ஆட்டம் தெரிந்திருக்கலாம், என்னைப் பார்த்து அவள் தட்டவே இல்லையா? அடுத்த சுற்றில் நான் தட்டாமல் விட்டதுதான் தப்பா?

மூன்று மாதமாக நான் வேறு எதற்கோ கூசிக்கொண்டிருந்தேனா?

அந்தக்காலத்துஆட்டக்காரி

அப்படியும் உறுதியாகச் சொல்லிவிட முடியாது. எந்த டச்சில் தட்டினீர்கள்?

கடைசிவரிசை

அதுதான் நினைவில்லை. வீடியோக்காரரிடம் கேட்டுப் பார்க்க வேண்டும். அவர் நேர் எதிரில்தான் நின்றார்.