கன் லாக் ஆகுது, ஆனா சார்ஜ் ஏறல: தப்பு சார்ஜர்லயா, வண்டியிலயா?

நெல்லை_ஓட்டி:
உளுந்தூர்பேட்டை பக்கம் ஹைவே ஓட்டல் ஒண்ணுல எலக்ட்ரிக் காருக்கான 60 கிலோவாட் டிசி சார்ஜர். சிசிஎஸ்2 வகை பிளக், ரெண்டு கன் (கேபிள் நுனியில வண்டியில மாட்டுற கைப்பிடி). மாட்டினதும் லாக் விழுற சத்தம் கேட்குது. ஆப்ல ஸ்டார்ட் கொடுத்தா அரை நிமிஷம் ஓடிட்டு 'கம்யூனிகேஷன் எரர்'னு நின்னுடுது. மூணு தடவை இப்படி. நாலாவது தடவை ஏறிச்சு, ஆனா 28 கிலோவாட்டைத் தாண்டல. வண்டி 320 வோல்ட் பேட்டரி, 35%ல இருந்தது. ஏறாத மூணு தடவைக்கும் ஆப் வேலட்ல பணம் பிடிபட்டு, திரும்ப வராம நிக்குது. எங்கே பார்க்கணும்?

சார்ஜர்_சர்வீஸ்:
எந்தக் கட்டத்துல நிக்குதுன்னு பாருங்க சார், பாதி விடை அதுலயே இருக்கு. கன் மாட்டினதும் முதல்ல வண்டியும் சார்ஜரும் பேசிக்கும். அப்புறம் கேபிள் இன்சுலேஷன் டெஸ்ட், அதாவது மின்கசிவு இருக்கான்னு பார்க்கிறது. அதுக்கப்புறம் சார்ஜர் தன் வோல்டேஜை பேட்டரி அளவுக்குக் கொண்டுவரும். கடைசியாத்தான் கரன்ட்.

உங்களுக்கு முதல் கட்டத்துலயே அறுந்துபோகுது. கன் முகத்தைப் பாருங்க: கீழே ரெண்டு பெரிய டிசி பின், மேலே சின்ன பின்கள். பேச்சு நடக்கிற சிபி பின் மேல் பக்கம்தான். கழட்டும்போது முதல்ல விடுபடணும்னு அதைக் குட்டையா வெச்சிருப்பாங்க. கனமான கேபிள் கைப்பிடியைக் கீழே இழுத்தா கன்னோட மேல் விளிம்பு லேசா விலகும். லாக் விழுந்திருந்தாலும் சிபி சரியாத் தொடாது. அதனால கைப்பிடியை அடியில தாங்கி, வண்டிப் பக்கம் அழுத்திப் பிடிச்சுக்கிட்டு ஸ்டார்ட் கொடுங்க. ஸ்க்ரீன்ல ஆம்பியர் ஏற ஆரம்பிச்சதும் விடலாம்.

ஃபெயில் ஆனதும் உடனே திரும்ப ஸ்டார்ட் அழுத்தாதீங்க. கன்னைக் கழட்டி, வண்டியை லாக் பண்ணி ரெண்டு நிமிஷம் விடுங்க. ஸ்க்ரீன் 'அவைலபிள்'னு வந்த பிறகு மாட்டுங்க. வேற வேற ரெண்டு ஸ்டேஷன்லயும் இதே எரர் வந்தா பெரும்பாலும் வண்டிப் பக்கம்தான். வண்டியோட எலக்ட்ரானிக்ஸை ஓட்டுற சின்ன 12 வோல்ட் பேட்டரியையும் செக் பண்ணச் சொல்லுங்க.

'இன்சுலேஷன் ஃபால்ட்'னு வந்தா அது அடுத்த கட்டம். மழை நாள்ல பெரும்பாலும் கன்னுக்குள்ள தண்ணி. துணி, கம்பி எதுவும் உள்ள விடவே கூடாது. அடுத்த கன்னுக்கு மாறிடுங்க. பின் கருத்தோ பிளாஸ்டிக் உருகியோ இருந்தா மாட்டவே வேண்டாம், ஹெல்ப்லைனுக்குச் சொல்லிடுங்க; அடுத்து வர்றவரும் அதைத்தான் எடுப்பார்.

கொங்கு_இவி:
28 கிலோவாட்னா 320 வோல்ட்ல சுமார் 88 ஆம்பியர். 60 கிலோவாட் டூயல் கன்ல ரெண்டு வண்டி நின்னா பெரும்பாலும் ஆளுக்கு 30தான் வரும். பக்கத்து கன் காலியா இருந்தும் இவ்வளவுதான்னா, சார்ஜருக்குள்ள டிசி கரன்ட் தர்ற பவர் மாட்யூல்கள்ல ஒண்ணு போயிருக்கலாம். நல்ல வெயில்ல நீண்ட ஓட்டத்துக்கு அப்புறம்னா பேட்டரி சூட்டுக்கு வண்டியே குறைச்சும் கேட்கும்.

மதுரை_பேட்டரி:
பணத்துக்கு: சார்ஜர் ஐடி, செஷன் ஐடி, '0 யூனிட்' காட்டுற பக்கம், மூணையும் அங்கேயே ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புங்க. ஹெல்ப்லைன்ல 'ரிமோட் ரீசெட்' போடச் சொன்னா அவங்க இடத்துல இருந்தே போடுவாங்க.

கன் கழட்ட வராம சிக்கிக்கிட்டா ஆப்ல ஸ்டாப் கொடுத்து கரன்ட் 0 ஆகுறவரை பொறுங்க. வண்டிச் சாவி ரிமோட்ல ஒரு தடவை லாக், அன்லாக். கன்னை உள்பக்கமா லேசா அழுத்தினா லாக் பின் மேல இருக்கிற இறுக்கம் விடும், அப்புறம் இழுங்க.

நெல்லை_ஓட்டி:
ரொம்ப நன்றி. பக்கத்து கன்ல ஒரு வண்டி இருந்தது, ஆனா அதுல 100% ஆயிடுச்சே?

கொங்கு_இவி:
அதேதான். சில சார்ஜர்ல கன்னைக் கழட்டுறவரை அந்தப் பங்கு அங்கேயே நிக்கும். அவங்க கழட்டின பிறகும் உங்களுக்கு கிலோவாட் கூடலன்னா, உங்க செஷனை நிறுத்தி புதுசா ஆரம்பிங்க.