லேட்டன்ட் பிரிண்ட்: உள்ளுறை ரேகை; டெவலப்பர்: துலக்கி

குழுவினருக்கு வணக்கம்.

தடயவியலில் லேட்டன்ட் பிரிண்ட் என்பது, பொருள்களில் பதிந்தும் கண்ணுக்குத் தெரியாத கைரேகை. அதற்குத் தமிழில் முன்மொழியப்பட்ட ‘மறைரேகை’ வேண்டாம் என்பது என் கருத்து. மறை என்றதும் வேதம் நினைவுக்கு வருகிறது; யாரோ வேண்டுமென்றே ஒளித்துவைத்தது போலவும் தொனிக்கிறது. காகிதத்தில் நடப்பது வேறு. விரல் பட்ட இடத்தில் வியர்வையிலுள்ள அமினோ அமிலங்கள் இழைகளுக்குள் இறங்கி, செல்லுலோஸைப் பற்றிக்கொண்டு அங்கேயே கிடக்கின்றன. வியர்வை உப்பு ஈரக்காற்றில் பரவிக் கலங்கிவிடும். அமினோ அமிலங்கள் அவ்வளவு எளிதில் நகர்வதில்லை. பல பத்தாண்டுகள் கழித்தும் பழைய பத்திரத்தில் ரேகை கிடைப்பது இதனால்தான். பாடநூல்களில் லேட்டன்ட் ஹீட் என்பதற்கு ‘உள்ளுறை வெப்பம்’ நிலைத்துவிட்டதால் ‘உள்ளுறை ரேகை’ மாணவர்களுக்கு உடனே பிடிபடும். காகிதத்தைப் பொறுத்தவரை அது சொல்லுக்குச் சொல் உண்மையும்கூட.

அந்த ரேகையை வேதிப்பொருளால் கண்ணுக்குத் தெரியவைப்பதை, அதாவது டெவலப் செய்வதைக் ‘கழுவுதல்’ என்று நண்பர் ஒருவர் எழுதியிருந்தார். ஸ்டுடியோக்களில் படம் கழுவிய வழக்கு அது. இங்கே அது ஆபத்தான சொல். அமினோ அமிலங்கள் நீரில் கரைந்துவிடும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் எங்கள் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்தபோது, கூரை பறந்த வீடுகளில் நனைந்த பத்திரங்களை எண்ணிப் பாருங்கள். அப்படி ஊறிய தாளில், அமினோ அமிலங்களோடு வினைபுரிந்து ஊதா நிறம் தரும் நின்ஹைட்ரின் என்ற வேதிப்பொருளால் பயன் மிகக் குறைவு. ரேகையில் உள்ள, நீரில் கரையாத கொழுப்பின்மேல் வெள்ளியைப் படியவைக்கும் முறைதான் கைகொடுக்கும். ‘கழுவு’ என்ற சொல்லை நம்பி ஒருவர் தாளைத் தண்ணீரில் போட்டால் தடயம் போயிற்று.

என் முன்மொழிவு ‘துலக்குதல்’. துப்புத் துலக்குதல் என்று நாளிதழ்கள் எழுதிப் பழகிய சொல். பாத்திரம் துலக்குவதும் இதுதானே என்று கேட்பீர்கள். மங்கியதைத் தெளிவாக்குவதே இரண்டுக்கும் பொது. இன்னொரு வசதியும் உண்டு: மருந்து துலக்கும், ரேகை துலங்கும். வேதிப்பொருள் ‘துலக்கி’, வெளிப்பட்டது ‘துலங்குரேகை’.

நின்ஹைட்ரினை வேதியியலாளர் ரூஹெமன் 1910-இல் கண்டறிந்தார். கைரேகைக்கு அது உதவும் என்று சுவீடன் ஆய்வாளர்கள் காட்டியது 1954-இல். கரைசல் பூசி உலர்த்திய தாளில் முதலில் ஒன்றும் தெரியாது. பிறகு மெல்ல மெல்லப் புள்ளி புள்ளியாக ஊதா ஏறும். புள்ளிகள் சேர்ந்து வரிகளாகும். துலங்குதல் என்பதற்கு இதைவிடப் பொருத்தமான காட்சி வேறில்லை.

ஒரே ஒரு சிக்கல். நின்ஹைட்ரினுக்கு முன்பாக டி.எப்.ஓ. (DFO) என்ற இன்னொரு துலக்கியை இடுவதும் உண்டு. அந்த ரேகை வெறும் கண்ணுக்கு மிக மங்கல்; பச்சை ஒளி பாய்ச்சி, அந்த ஒளியைத் தடுக்கும் வடிகண்ணாடி (ஃபில்டர்) வழியே பார்த்தால்தான் ஒளிரும். அதையும் துலங்குரேகையில் சேர்க்கலாமா, ‘ஒளிர்ரேகை’ என்று தனியே பிரிக்கலாமா? வேதியியல் பயிற்றுவிக்கும் நண்பர்கள் எழுதுங்கள்.