ஏரி வண்டலில் காசுக் கலயம் கிடைத்தது, யாரிடம் சொல்ல வேண்டும்?

செம்மண்காடு:
வணக்கம். எங்கள் ஊர் ஏரியில் வயலுக்கு வண்டல் அள்ளும்போது மாமாவின் மண்வெட்டி பட்டு ஒரு சின்னக் கலயம் உடைந்தது. உள்ளே நாற்பது ஐம்பது செப்புக்காசு, பச்சைக் களிம்பேறி ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கிறது. ஒரு காசில் மட்டும் நிற்கிற ஆள் உருவம், மறுபக்கம் உட்கார்ந்த மாதிரி. இடம் புறம்போக்கு. வீட்டில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள், ஏரியிலேயே போட்டுவிடு, டவுனில் விற்றுவிடு, வெளியே சொன்னால் நம்மையே ஸ்டேஷனில் உட்கார வைப்பார்கள் என்று. மாமா இரண்டு நாளாகத் தூங்கவில்லை. சட்டம் என்னதான் சொல்கிறது?

வழக்குமேசை:
மாமாவைப் பயப்பட வேண்டாம் எனச் சொல்லுங்கள். கண்டெடுப்பது குற்றமில்லை, மறைப்பதுதான் குற்றம். 1878ஆம் வருஷத்துப் புதையல் சட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறது. பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானமுள்ள எது மண்ணுக்குள் கிடைத்தாலும் என்ன பொருள், எவ்வளவு, எந்த இடம், எந்தத் தேதி என்று கலெக்டருக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும், பொருளைக் கருவூலத்தில் ஒப்படைக்க வேண்டும். சொல்லாமல் விட்டால் ஒரு வருஷம் வரை சிறை அல்லது அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம், கிடைக்க வேண்டிய பங்கும் போய்விடும். வி.ஏ.ஓ.விடம் வாயால் சொன்னது போதாது, மனுவுக்கு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

பழங்காசு:
நிற்கிற ஆள், உட்கார்ந்த ஆள் என்றால் ராஜராஜன் காலத்து வகையாக இருக்கலாம், உட்கார்ந்த உருவத்தின் பக்கத்தில் நாகரி எழுத்து தெரிகிறதா பாருங்கள். செப்பில் இது நிறையக் கிடைக்கிற காசுதான், பெரிய விலை போகாது. ஆனால் எந்த ஏரியில், எவ்வளவு ஆழத்தில், எந்தக் கலயத்தில் கிடந்தது என்பது உங்கள் மாமாவுக்கு மட்டும்தான் தெரியும், விற்றுவிட்டால் அது போனது போனதுதான். தயவுசெய்து புளி போட்டுத் தேய்க்காதீர்கள், எழுத்தே போய்விடும். கலயத்து ஓடுகளையும் எடுத்து வையுங்கள். அந்த இடத்தில் ஒரு குச்சி நட்டுவிட்டு மேற்கொண்டு தோண்டாமல் இருங்கள்.

செம்மண்காடு:
நன்றி அண்ணா. பங்கு என்றீர்களே, அரசு நிலத்தில் அதெல்லாம் உண்டா?

வழக்குமேசை:
கலெக்டர் அறிவிப்பு போட்டு, உரிமை கோருகிறவர்கள் வர நாலு முதல் ஆறு மாதத்துக்குள் ஒரு நாள் குறிப்பார். உரியவர் யாருமில்லை என்று முடிவானால், நிலத்துக்காரருடன் வேறு ஒப்பந்தம் இல்லாதபோது எடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரருக்குக் கால் பங்கு. புறம்போக்கில் அந்த நிலத்துக்காரர் அரசுதான். பொருளை அரசே எடுத்துக்கொள்ள நினைத்தால் அந்த உலோகத்தின் மதிப்பும் அதில் ஐந்தில் ஒரு பங்கும் சேர்த்துத் தர வேண்டும். செப்புக்கு அது சொற்பம்தான், அதை நம்பிப் போகாதீர்கள். 2020இல் உத்திரமேரூர் கோயில் திருப்பணியில் தங்கம் கிடைத்தபோது ஊர்க்காரர்கள் முதலில் கொடுக்க மறுத்தார்கள், கடைசியில் அதுவும் கருவூலத்துக்குத்தான் போனது.

செம்மண்காடு:
அத்தை ஏற்கெனவே இரண்டு காசைப் புளியில் தேய்த்துவிட்டார், மிச்சம் அப்படியே இருக்கிறது. ஓடுகளைப் பொறுக்கி மண்ணோடு ஒரு தூக்குச்சட்டியில் வைத்துவிட்டோம். மனு எழுதியாகிவிட்டது, மாமாவே கையெழுத்துப் போட்டார். திங்கட்கிழமை தாலுகா ஆபீஸ் போகிறோம்.